மேலிருந்து எடுத்த சாட்சி

உட்காருங்கள் அம்மா. இந்தப் பக்கமாக உட்காருங்கள், அந்தப் பக்கம் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறவன் நிமிர்ந்து உட்காரக் கூடாது என்று யோசித்துத்தான் செய்திருப்பார்கள் போல. கேரியரைக் கீழே வைக்காதீர்கள், எறும்பு இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் இல்லை. கோயிலில் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டிருக்கிறார். கூட்டம் சேர்வதற்கு ஒரு வாரம் பந்தோபஸ்து போட்டார்கள். இன்றைக்கு அதைக் கலைப்பதற்குப் பந்தோபஸ்து. உள்ளே ரைட்டர் மட்டும்தான். அவரிடம் எதுவும் சொல்லிப் பயனில்லை. இந்தப் பெட்டியோடு நான் உள்ளே போனதும், "சார்வாள், பொம்ம பிளேனத் தூக்கிட்டு இங்கயும் வந்துட்டீரா? வெளிய இரும், ஐயா வரட்டும்" என்றார். பொம்மையாம். இந்த ஊர்க் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாணுமாலயன் என்று பெயர். அந்த ரைட்டரும் எங்கள் கல்லூரியில் படித்தவர்தான். ஆனால் முகம் ஞாபகமில்லை. நூலகத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர்களை இப்படித்தான் அடையாளம் கண்டுபிடிப்பேன்.

நான் குற்றவாளி இல்லை, பயப்படாதீர்கள். சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன்.

நீங்கள் வெளியூரா? உடன்குடி பஸ்ஸிலிருந்து இறங்கினீர்களே, பார்த்தேன். அப்படியானால் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்காது. காலையில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கும்பாபிஷேகம். பஹ்ரைனில் இருக்கிற ஒரு பெரிய மனிதர் ஹெலிகாப்டர் ஏற்பாடு செய்திருந்தார். கோபுரத்தை மூன்று சுற்று சுற்றிப் பூ தூவுவது, பிறகு பழைய பஞ்சாலை மைதானத்தில் இறங்குவது. அது இறங்கிய பிறகு, கீழே நிற்கிற ஜனங்கள் மேல் ட்ரோன் வைத்துத் தீர்த்தம் தெளிப்பது. இப்போதெல்லாம் அப்படித்தான். குடத்தோடு ஐயர் மேலே ஏறி, கீழே நிற்கிறவன் தலையில் ஒரு சொட்டு விழுமா விழாதா என்று அண்ணாந்து நின்ற காலம் போயிற்று. வாழைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ட்ரோனைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, அதில் காவிரித் தண்ணீரை ஊற்றி அனுப்புகிறார்கள். நன்றாகக் கழுவினார்களா என்று கேட்டால் நாத்திகன் என்பார்கள்.

அந்த ட்ரோன்காரன்தான் பூல்பாண்டி. அவனைத்தான் உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள்.

என்ன, இருமுகிறீர்கள்? தண்ணீர் அந்தப் பானையில் இருக்கிறது. டம்ளரைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

பூல்பாண்டியைப் பற்றி ஒரு வரியில் சொல்வதானால், கை ஓடும், தலை ஓடாது. ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டான், சான்றிதழ்கூட வாங்கிவிட்டான். ஆனால் சட்டம் எதற்காக இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. யாரைப் பார்த்தாலும், "எங்க அக்கா சங்கிலிய வச்சு வாங்கினது சார்வாள்" என்பான். எனக்கு எரிச்சலாக வரும். அக்காவின் சங்கிலியில் பறக்கிறவன் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமா இல்லையா? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் நல்ல காரியம் செய்தீர்கள், வெறும் மஞ்சள் கயிற்றோடு வந்திருக்கிறீர்கள். பஸ்ஸில் தங்கம் போட்டுக்கொண்டு வருவது புத்திசாலித்தனம் இல்லை.

என்னிடமும் ஒரு ட்ரோன் இருக்கிறது. இதோ, இந்தப் பெட்டிக்குள். மஸ்கட்டில் இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்தது. கால் கிலோவுக்கும் குறைவு. நான் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே விதிமுறை எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மற்றவர்கள் பெட்டியைத் திறப்பார்கள், பறக்க விடுவார்கள், மரத்தில் சிக்கிய பிறகு காகிதத்தைத் தேடுவார்கள். எங்கே பறக்கலாம், எங்கே அனுமதி கேட்க வேண்டும், எங்கே கூடவே கூடாது என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கூடாது. ஹெலிகாப்டர் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் கூடாது. எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மனிதன் உட்கார்ந்து வருகிற ஊர்தி எதுவானாலும் அதற்குத்தான் முதல் வழி. சத்தம் கேட்டால் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான், ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். பூல்பாண்டியிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! "ஹெலிகாப்டரைக் கீழே தள்ள ஒரு காக்கை போதும்டா" என்பேன். "சரிதான் சார்வாள், சரிதான் சார்வாள்" என்று மண்டையை ஆட்டுவான். மறுத்துப் பேசினால்கூட மனிதன் என்று மதிக்கலாம்.

கமிட்டி செயலாளர் நம்பிராஜனிடம் போனேன். ஹெலிகாப்டரும் ட்ரோனும் ஒரே நாளில், ஒரே வானத்தில் வருகிறதே, யார் எப்போது என்று முறை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சார்வாள், ஹெலிகாப்டர் என்ன வாழக்கா லாரியா, பின்னால நின்னு வரட்டும் வரட்டும்னு சொல்லதுக்கு? அதெல்லாம் பைலட்டு பாத்துக்கிடுவாரு" என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானே படமெடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம், என் ட்ரோன் சத்தமே போடாது என்றேன். "உம்ம ஈய வீட்டுலயே வச்சிரும், சாமி மூஞ்சியில மொய்ச்சிறப் போவுது" என்றார். அதற்கும் சிரிப்பு. பூல்பாண்டியும் அங்கேதான் நின்றான். அவன் சிரிக்கவில்லை என்று பிறகு சொன்னான். நான் பார்த்தேன், வாய் மூடியிருந்தது. ஆனால் கண்ணால் சிரிக்கிறவர்களும் உண்டு அம்மா.

சிரித்தார்களே, முந்தின நாள் என்ன நடந்தது தெரியுமா? பஞ்சாலை மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்குவதற்கு வட்டம் போட்டு, நடுவில் பெரிய எச் எழுத்துப் போட வேண்டும். சுண்ணாம்பு வாங்கி மகளிர் குழுவிடம் கொடுத்தார்கள். அவர்கள் போட்டார்கள். போட்டுவிட்டு, வெறும் எழுத்து மூளியாக இருக்கிறது என்று சுற்றிலும் தாமரை போட்டார்கள். தாமரைக்கு இலை, இலைக்கு நடுவே மயில். எல்லாவற்றுக்கும் கலர்ப் பொடி. நான் என் ட்ரோனை மேலே அனுப்பிப் பார்த்தேன், எழுத்தைக் காணோம். தேர்க்கோலம்தான் தெரிகிறது. "ஏம்மா, இதில் எதைப் பார்த்து இறங்குவான்?" என்றேன். குழுத் தலைவி, "மயிலுக்கு நேரா எறங்கச் சொல்லுங்க சார்" என்கிறாள். மயில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நாலு மூலைக்கும் நாலு! அதோடு சுற்றிலும் கம்பு நட்டு ஜரிகைத் தோரணம் வேறு கட்டியிருந்தார்கள். ஹெலிகாப்டர் இறக்கை அடிக்கிற காற்றில் அது அறுந்து மேலே போய்ச் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும்? நான்தான் கத்தினேன். நான்தான் தோரணத்தை அவிழ்க்க வைத்தேன். நான்தான் பொடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, எழுத்தைத் திரும்பப் போட வைத்தேன்.

சாயங்காலம் பைலட் காரில் வந்து இடத்தைப் பார்த்தார். கேப்டன் என்கிறார்கள். வடக்கத்திக்காரர், சின்ன வயது. "முன்னால் அனுப்பிய படத்தில் தோரணம் இருந்ததே, யார் அகற்றியது? நல்ல வேலை" என்று இங்கிலீஷில் கேட்டார். நம்பிராஜன் நெஞ்சில் கை வைத்து, "வீ, வீ" என்றார். நாங்களாம்! நான் பின்னால் துடைப்பத்தோடு நிற்கிறேன்.

கேப்டன் சொன்னதைத் தமிழில் சொல்ல மட்டும் நான் தேவைப்பட்டேன். மைக்கில் நானே சொன்னேன்: "ஹெலிகாப்டர் தரையில் இறங்கி, அதன் இறக்கை நிற்கிற வரைக்கும் வானத்தில் எதுவும் இருக்கக் கூடாது. ட்ரோன் கூடாது, பட்டம் கூடாது, பலூன்கூடக் கூடாது." சுத்தமான தமிழ், ஒருவரும் புரியவில்லை என்று சொல்ல முடியாது. இறங்கியதும் மைதானத்தில் ஒரு வேட்டுப் போடுவார்கள், அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பூல்பாண்டி ட்ரோனைக் கிளப்ப வேண்டும் என்று முடிவு. அவன் எல்லோர் முன்னாலும், "வேட்டுக் கேக்காம ரிமோட்டத் தொடமாட்டேன் சார்வாள், எங்க அக்கா மேல சத்தியம்" என்றான். அக்காவை வைத்துச் சத்தியம் செய்கிறவனை நான் நம்புவதில்லை. அந்த அம்மாளிடம் கேட்டா செய்தான்?

என்ன? இல்லை இல்லை, எனக்கு வேண்டாம். உள்ளே இருக்கிற யாருக்கோ கொண்டுவந்திருக்கிறீர்கள். சர்க்கரைக்காரன் பட்டினி கிடக்கக் கூடாதுதான். அன்னதானத்தை நம்பி வீட்டில் உலை வைக்கவில்லை. அங்கே சாம்பார் அண்டாவைக் கவிழ்த்துவிட்டார்கள். அவ்வளவு சொல்கிறீர்கள் என்றால், மேல் தட்டு மட்டும். எலுமிச்சம் சாதமா? நல்லது. உங்கள் வீட்டுக்காரர் கொடுத்து வைத்தவர். அப்பளம்கூட வைத்திருக்கிறீர்களே.

எங்கே விட்டேன்? ஆ, இன்று காலை. சட்டம் போட்டால் போதுமா? மீறுகிறார்களா என்று யார் பார்ப்பது? நேற்றே போலீஸுக்கு மனு கொடுத்தேன், பூல்பாண்டி மேல் ஒரு கண் வைக்கும்படி. அவர்கள் கண்ணெல்லாம் பிரமுகர்கள் மேல். ஆகவே நான் பார்த்தேன். என் வீட்டு மொட்டை மாடி கோயிலுக்குப் பின்புறம்தான். பூல்பாண்டி வறண்ட தெப்பக்குளத்துக்குள் ட்ரோனை வைத்துக்கொண்டு தயாராக நிற்கிறான். அவனைப் படமெடுக்க ஒரே வழி, மேலே இருந்து. என் ட்ரோனைக் கிளப்பிக் குளத்துக்கு நேர் மேலே நிறுத்தினேன்.

புரிகிறது, எதுவும் பறக்கக் கூடாது என்றவன் நான் மட்டும் பறக்க விடலாமா என்கிறீர்கள், நியாயமான கேள்விதான். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. ஒருவழிப் பாதையில் எதிரே வருகிறவனைப் பிடிக்கப் போலீஸ்காரரும் எதிரேதான் போக வேண்டும். அவர் குற்றவாளியா? அதோடு என்னுடையது கால் கிலோவுக்கும் குறைவு. பால் பாக்கெட் அதைவிடக் கனம். ஹெலிகாப்டர் பால் பாக்கெட்டுக்குப் பயப்படுமா? கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வைத்திருந்தேனா என்றால், தெரிந்தது. திரையில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஹெலிகாப்டர் சத்தமா? நாலு திசையிலும் ஒலிபெருக்கி, உள்ளே மேளம், வெளியே பேண்டு, நடுவில் நம்பிராஜன் நன்கொடையாளர் பெயர் வாசிக்கிறார். இதில் எவன் காதில் எது விழும்? அது கமிட்டியின் குற்றம்.

இப்போது கேளுங்கள், பூல்பாண்டி என்ன செய்தான். அந்த நேரத்தில் எனக்குப் போன் அடித்தான்! ஒரு தடவை இல்லை, விட்டு விட்டு அடித்தான். இதோ பாருங்கள், வரிசையாக விடுபட்ட அழைப்புகள். ஒருவன் பொறுப்பான வேலையில் நிற்கிறான், எந்த நிமிஷமும் வேட்டுச் சத்தம் கேட்கலாம், அப்போது போன் பேசலாமா? நான் எடுக்கவில்லை. என் கவனம் முழுக்கத் திரையில். பறக்கும்போது நான் போனை எடுப்பதில்லை. அது என் கொள்கை.

ஹெலிகாப்டர் ஒரு சுற்று முடித்தது. பூ கொட்டியது. இரண்டாவது சுற்றில் சட்டென்று சாய்ந்து, ஒரே திருப்பாகத் திரும்பிப் போய்விட்டது. மிச்சப் பூவெல்லாம் மீன் மார்க்கெட் மேல். தரையிலும் இறங்கவில்லை, பஹ்ரைன்காரருக்குப் போட வாங்கி வைத்த ஆளுயர மாலை அப்படியே நிற்கிறது. அவர் ஹெலிகாப்டருக்குள்தான் இருந்தார். கோபுரத்துப் பக்கத்தில் ஒரு ட்ரோனைப் பார்த்தேன், நூலிழையில் தப்பித்தோம் என்று கேப்டன் போனில் சொன்னாராம். நம்பிராஜன் அதை மைக்கில் சொன்னார். மைக்கில்! ஊரில் ட்ரோன் என்றால் பூல்பாண்டி. ஜனம் குளத்துக்குள் இறங்கிவிட்டது.

அடித்ததை நான் சரி என்று சொல்லவில்லை. உதடு கிழிந்திருக்கிறது என்றார்கள். ட்ரோனை அம்மிக்கல்லால் உடைத்துவிட்டார்கள். அதுவும் சரியில்லைதான், ஆதாரத்தை அழிக்கக் கூடாது. அவனோ, "நான் கிளப்பவே இல்ல, நான் கிளப்பவே இல்ல" என்று கத்துகிறான். வேறென்ன சொல்வான்? நம்பிராஜன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வந்ததும் வழக்குப் பதிவு, சாயங்காலம் கோர்ட்டு. ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் உயிருக்கு ஆபத்து என்று பிரிவு போட்டால் லேசில் வெளியே வர முடியாது. உரிமமும் போய்விடும். ஒன்றுதான் குறை. அவன் கிளப்பியதை நேரில் பார்த்ததாக ஒருவனும் சொல்லவில்லை. எல்லோரும் கலசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அதற்குத்தான் நான் வந்திருக்கிறேன். என்னிடம் படம் இருக்கிறது.

பார்க்கிறீர்களா? பாருங்கள், ஆட்சேபணை இல்லை. கை கழுவிவிட்டு வருகிறேன்.

இதோ. இதுதான் தெப்பக்குளம். படி எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது பாருங்கள், விரிசல்கூட எண்ணலாம். அந்த வெள்ளைச் சட்டைதான் பூல்பாண்டி. காலடியில் இருப்பது அவன் ட்ரோன். ஆமாம், அதன் கை நாலையும் மடக்கித்தான் வைத்திருக்கிறான். கிளப்பும்போது விரித்துக்கொள்வான். இந்த இடத்தில் விரிக்கவில்லை. இங்கேயும் விரிக்கவில்லை. பொறுங்கள், எங்கேயோ விரிப்பான். இப்போது பாருங்கள், அண்ணாந்து நேராக என் கேமராவைப் பார்க்கிறான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறான். காலையிலேயே குடித்திருப்பான் என்று நினைக்கிறேன், கோயில் என்றும் பார்க்காமல் ஆட்டம். கீழே கீழே என்று கையைக் காட்டுகிறான், பிறகு போனை எடுக்கிறான், திரும்பவும் ஆட்டம். கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்ததும் குற்றவாளிக்கு வருகிற பதற்றம் இது. புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன்.

இப்போது வருகிறது பாருங்கள், இந்த இடம்தான் அழகு. படம் முழுக்கப் பூ! செவ்வந்தி, ரோஜா, அரளி, எல்லாம் கேமராவை உரசிக்கொண்டு கீழே போகிறது. ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிகிறது. இறக்கையில் ஒரு இதழ் சிக்கி, வீடு வரைக்கும் வந்துவிட்டது. எடுக்கவில்லை, பெட்டிக்குள் அப்படியே வைத்திருக்கிறேன். கமிட்டி என்னை மதிக்காவிட்டால் என்ன, சுவாமி எனக்குத்தான் முதல் பிரசாதம் கொடுத்திருக்கிறார்.

என்ன கேட்டீர்கள்? பூ எங்கிருந்து விழுகிறதா? இது என்ன கேள்வி அம்மா, மேலே இருந்துதான். கீழேயிருந்தா பூ விழும்? ஹெலிகாப்டரிலிருந்து விழுகிறது. ஹெலிகாப்டர் அப்போது எங்கே இருந்ததா? அது படத்தில் இல்லை. என் கேமரா கீழே பார்த்துக்கொண்டிருந்தது, மேலே இருப்பது எப்படித் தெரியும்? படம் ஏன் இப்படி ஆடுகிறதா? காற்று. திடீரென்று ஒரு பெருங்காற்று. வைகாசியில் அப்படித்தான் அடிக்கும்.

பூல்பாண்டி ட்ரோனா? அது… ஆமாம், இந்த இடத்திலும் கீழேதான் இருக்கிறது. பூ அதன் மேலேயே விழுந்து கிடக்கிறது. ஆனால் படம் இதோடு நின்றுவிட்டது, பேட்டரி எச்சரிக்கை வந்ததும் முறைப்படி திருப்பி அழைத்துக்கொண்டேன். அதன் பிறகு கிளப்பியிருப்பான். இரண்டாவது சுற்றுக்குள் ஒருவன் எவ்வளவோ செய்யலாம். நான் திருப்பி அழைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஹெலிகாப்டர் சாய்ந்தது, அதனால் அந்தக் கணத்தை எடுக்க முடியவில்லை. என்னுடையது அந்த நேரத்தில் கோபுரத்தைச் சுற்றி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

உங்கள் போனுக்கும் வேண்டுமா? தாராளமாக. சாட்சி நாலு இடத்தில் இருந்தால் நல்லதுதான், இந்த ஸ்டேஷனில் எது தொலையும் என்று சொல்ல முடியாது. நம்பரைச் சொல்லுங்கள். அனுப்பிவிட்டேன், வந்துவிட்டதா? அந்த அழைப்புப் பட்டியலையும் படமெடுத்து அனுப்பச் சொல்கிறீர்களா? சரியான யோசனை. நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. இதுவரை இந்த ஊரில் ஒருவரும் இவ்வளவு பொறுமையாக நான் சொல்வதைக் கேட்டதில்லை. நீங்கள் எங்கள் கல்லூரியில் படித்திருக்க வேண்டியவர்.

ஜீப் வந்துவிட்டது. இதோ ரைட்டரும் எட்டிப் பார்க்கிறார். என்னவாம்?

"பூல்பாண்டிக்கு அக்கா யாருங்க? சோறு கொண்டாந்தவங்க? ஐயா வந்துட்டாரு, உள்ள வாங்க."

ஓ.

நீங்களா?

முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இல்லை, சொல்லாததும் நல்லதுதான். சொல்லியிருந்தால் கொஞ்சம் இறங்கிப் பேசியிருப்பேன், உண்மை கெட்டுப்போயிருக்கும். நான் பேசிய ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் நன்றி. மேல் தட்டை நான்தான் காலி செய்தேன் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள், அவன் உங்களைத் தப்பாக நினைக்கக் கூடாது.

எதற்கு அழுகிறீர்கள்? சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் அம்மா, அதில் அக்கா தம்பி கிடையாது. போங்கள். எனக்கு முன்னால் நீங்களே காட்டினாலும் சரி, படம் ஒன்றுதானே. ஆனால் இன்ஸ்பெக்டர் அவசரக்காரர், விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். விடாதீர்கள். அந்தப் பூ விழுகிற இடத்தில் நிறுத்திக் காட்டுங்கள். அங்கேதான் எல்லாம் தெளிவாகத் தெரியும்.